ஸ்வாகர்: செர் லாயிட் பாட்டுல வர்ற சொல்லுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?

ஸ்வாகர்ங்கிற சொல்ல பாட்டுத் தலைப்புலயே வெச்சு பிரிட்டன் சார்ட்ல நம்பர் ஒன் வரைக்கும் கொண்டு போனது ஒரு 18 வயசு பொண்ணு. பேரு செர் லாயிட், பாட்டு 'ஸ்வாகர் ஜாகர்', வருஷம் 2011. (பழைய அமெரிக்கப் பாடகி செர் வேற, இவங்க வேற. தேடும்போது ரெண்டு பேரும் கலந்துதான் வருவாங்க.) பாதி பாட்டு, பாதி ராப், கோரஸ் மட்டும் குழந்தைங்க கூட முணுமுணுக்குற மாதிரி இருக்கும், அதத்தான் பாப்-ராப்னு சொல்றாங்க. ராப்புக்கு நம்மகிட்ட சொல்லிசைன்னு நல்ல பேரு ஏற்கனவே இருக்கு, மலேசியத் தமிழ்ப் பசங்கள்ல இருந்து சென்னை வரைக்கும் புழங்குது, அதுல பிரச்சனை இல்ல. இந்த ஸ்வாகர்தான் தமிழ்ல ஒரே சொல்லுக்குள்ள அடங்க மாட்டேங்குது.

மொதல்ல அர்த்தம். ஒருத்தர் நடக்குறதுல, பேசுறதுல, உடுத்துறதுல, 'நான் யாருன்னு தெரியும்ல'ங்கிற தொனி தானா வெளிய தெரிஞ்சா அது ஸ்வாகர். அதச் சுருக்கினா ஸ்வாக். இன்னைக்கு இது பாராட்டு, ஆனா பொறந்தப்போ இது திட்டு.

வேர் எங்கன்னு பாத்தா, ஸ்வாக்ங்கிறது பழைய இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல், கனமான ஒண்ணு இப்படியும் அப்படியும் அசையறது, தள்ளாடுறது. ஸ்காண்டிநேவியப் பக்கத்துல இருந்து வந்திருக்கும்ங்கிறாங்க, நார்வேக்காரங்ககிட்ட 'ஸ்வாகா'ன்னு அதே அர்த்தத்துல ஒரு சொல் இருக்கு. திரும்பத் திரும்ப அசைஞ்சா கடைசியில ஒரு 'அர்' ஒட்டிக்கும், அதான் ஸ்வாகர். அதாவது தோள ஆட்டி ஆட்டி நடக்குறவன். இதப் படிக்கும்போது நமக்கு ஆச்சரியமே வர வேண்டியதில்ல, ஏன்னா நாமளும் அதத்தான் பண்ணிருக்கோம், 'ரொம்ப ஆடாதடா', 'என்னா ஆட்டம் ஆடுறான் பாரு', 'காசு வந்ததும் தலைகால் புரியாம ஆடுறான்'. அசையறதுக்கும் அகங்காரத்துக்கும் ஒரே சொல். நார்வேக்காரனும் நம்ம ஊர் பாட்டியும் பேசி வெச்சுக்கல, ஆனா நெஞ்ச நிமித்தி அசைஞ்சு நடக்குறவனப் பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே எரிச்சல் வந்திருக்கு.

ஸ்வாகர் அச்சுல தலைகாட்டுன ரொம்பப் பழைய இடங்கள்ல ஷேக்ஸ்பியரோட 1590கள் நாடகங்கள் முக்கியமானது. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'ல காட்டுக்குள்ள நாடக ஒத்திகை பாக்குற பட்டிக்காட்டு ஆளுங்களப் பாத்து பக்ங்கிற குறும்புக்காரத் தேவதை, யாருடா இங்க வந்து ஸ்வாகர் பண்றதுன்னு கேக்கும். நான்காம் ஹென்றி ரெண்டாம் பாகத்துல ஒரு சத்திரக்காரம்மா, பிஸ்டல்னு ஒரு வாய்ச்சவடால் ஆளு வாசல்ல நிக்கிறான்னு தெரிஞ்சதும் ஸ்வாகரர்களுக்கெல்லாம் என் வீட்டுல எடமில்லன்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க. அந்த எடத்துல அதுக்குச் சரியான தமிழ் சண்டியர். வேற எதுவும் வேண்டாம்.

அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா மரியாதையான எடத்துக்கும் போச்சு. ராணுவ, போலீஸ் அதிகாரிங்க கக்கத்துல சின்னதா ஒரு குச்சி இடுக்கிட்டு வருவாங்கல்ல, அதுக்குப் பேரு ஸ்வாகர் ஸ்டிக். அடிக்கிறதுக்கு அது பெருசா உதவாது, தோரணைக்குத்தான்.

ஸ்வாக்குக்கு இன்னொரு கிளை இருக்கு, அது மூட்டை. பழைய காலத்துல உப்பலான பை, அப்புறம் திருடங்க பேச்சுல கொள்ளையடிச்ச பொருள், ஆஸ்திரேலியாவுல நாடோடிக் கூலியாளு தோள்ல போட்டுட்டுப் போற படுக்கை மூட்டை. ஐடி கம்பெனி கான்ஃபரன்ஸ்ல டீஷர்ட், தண்ணி பாட்டில், ஸ்டிக்கரெல்லாம் போட்டு ஓசில குடுக்குற ஸ்வாக் பேக் இந்த மூட்டை வம்சம்தான், கெத்துக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. இதத் தவிர ஸ்வாக்ங்கிறது ஏதோ நாலு சொல்லோட மொதலெழுத்துச் சுருக்கம்னு ஒரு கதை ரொம்ப வருஷமா ஃபார்வர்ட் ஆகிட்டே இருக்கு. சுத்தப் புளுகு. சொல்லு ஷேக்ஸ்பியர் காலத்துக்கும் முந்தினது.

திட்டு எப்படி பாராட்டாச்சுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அமெரிக்காவுல கறுப்பின மக்கள் ஹிப்ஹாப்ல இந்தச் சொல்ல எடுத்துத் தலைகீழாக் கவுத்துட்டாங்க. ஊரே உன்ன ஒண்ணுமில்லாதவன்னு சொல்லும்போது நீ தோள ஆட்டி நடக்குறது திமிர் இல்ல, அதுதான் உன் கையிருப்பு. 2001ல ஜே-ஸிங்கிற ராப்பர் ஒரு பாட்டுல என் ஸ்வாகர் திரும்பி வந்துடுச்சுங்கிற மாதிரி ஒரு வரி பாடினாரு, அதுக்கப்புறம் அந்தச் சொல் ராப்ல நிக்கவே இல்ல.

இங்க நம்மாளு ஒருத்தங்க வர்றாங்க. எம்.ஐ.ஏ.ங்கிற மேடைப் பேர்ல பாடுற மாதங்கி அருள்பிரகாசம், லண்டன்ல பொறந்து, கைக்குழந்தையா இருக்கும்போதே யாழ்ப்பாணம் போய் அங்க வளந்து, 1986ல அகதியா மறுபடி லண்டனுக்கே போனவங்க. 2007ல அம்மா பேர வெச்ச 'கலா' ஆல்பத்துல 'பேப்பர் பிளேன்ஸ்'னு ஒரு பாட்டு, அதுல இந்த முக்குல எங்களுக்கு இருக்குற ஸ்வாகர் வேற எவனுக்கும் இல்லன்னு ஒரு வரி வரும். விசாவுக்கு அலையுறவங்கள, வந்தேறின்னு சந்தேகமா பாக்கப்படுறவங்கள வெச்சு நக்கலா எழுதுன பாட்டுல அந்த வரி வர்றதுதான் விசேஷம். அடுத்த வருஷமே டி.ஐ., ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நாலு பேரும் சேந்து அந்த ஒத்த வரிய வெட்டி எடுத்து 'ஸ்வாகா லைக் அஸ்'னு தனிப் பாட்டே போட்டாங்க, அது கிராமி வாங்குச்சு. 2009 பிப்ரவரி கிராமி மேடையில நாலு ராப்பர்களுக்கு நடுவுல நிறைமாசக் கர்ப்பிணியா எம்.ஐ.ஏ. நின்னு அந்த வரியப் பாடினாங்க. ஸ்வாகர்னா என்னன்னு அகராதி பாக்க சோம்பேறித்தனமா இருந்தா அந்த வீடியோவப் பாருங்க, போதும்.

இந்த அலை அடிச்ச அடுத்த வருஷம், 2010ல, வொர்ஸ்டர்ஷயர் மாவட்டத்து மால்வர்ன்ங்கிற சின்ன ஊர்ல இருந்து ரோமானி வம்சாவளியில வந்த ஒரு பொண்ணு, அதான் செர் லாயிட், எக்ஸ் ஃபேக்டர்ங்கிற டிவி பாட்டுப் போட்டி ஆடிஷனுக்கு வருது. பாடினது 'டர்ன் மை ஸ்வாக் ஆன்', சோல்ஜா பாய் பாட்டு, கெரி ஹில்சன் பாடின பாணியில. தலைப்புலயே ஸ்வாக். 16 வயசுல அந்தப் பொண்ணு மேடைய ஏதோ சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி எடுத்துக்கிட்டு பாடினதப் பாத்து நடுவர்கள் அசந்துட்டாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல அமெரிக்கப் பாடகர் மைக் போஸ்னரோட பாட்டப் பாடப் போய் தொண்டை கட்டி பாதியில அழுதுட்டு நின்னாங்க, அப்பவும் நடுவர்கள்ல ஒருத்தரான செரில் கோல் உள்ள எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு ஊர்ல ஒரு பாடு திட்டு. வாராவாரம் ராப்பும் பாட்டுமா கலக்கினாலும் ஜனங்க ஓட்டு ஒரே மாதிரி விழல. அரையிறுதியில கடைசி ரெண்டு எடத்துல மாட்டி நடுவர்கள் காப்பாத்தித்தான் ஃபைனலுக்கே போனாங்க, அங்க நாலாவது. மூணாவது யாருன்னா பின்னாடி உலகமே கொண்டாடுன பசங்க குழு ஒன் டைரக்‌ஷன், அந்த வருஷம் அப்படி.

மொத பாட்டே 'ஸ்வாகர் ஜாகர்'. இதுல ஜாகர் யாருன்னு கேட்டா எல்லாரும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர்னு சொல்லுவாங்க, காதுல அப்படித்தான் விழும், அதே 2011ல மரூன் 5ங்கிற அமெரிக்க இசைக்குழு வேற ஜாகர் பேர வெச்சே ஒரு ஹிட் குடுத்திருந்தாங்க. ஆனா அமெரிக்க ராப் பேச்சுல 'ஸ்வாகர் ஜாக்கர்'னு ஒண்ணு இதுக்கு முன்னாடியே இருக்கு. ஜாக் பண்றதுன்னா அடிச்சிட்டுப் போறது, அப்ப ஸ்வாகர் ஜாக்கர்னா அடுத்தவங்க கெத்த அடிச்சிட்டுப் போறவன். செர் லாயிட் பாட்டோட விஷயமும் அதேதான், என்னயப் பாத்து காப்பி அடிக்காத, உனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கோன்னு போகும். வேடிக்கை என்னன்னா அடுத்தவன் சரக்க எடுக்காதன்னு சொல்ற பாட்டோட கோரஸ் மெட்டு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நாட்டுப்பாட்டு 'கிளமண்டைன்'ல இருந்து அப்படியே எடுத்தது. பழம்பாட்டு, யாரும் வழக்குப் போட மாட்டாங்க, இருந்தாலும் இந்தத் தலைப்புக்கா அந்த மெட்டுன்னு எனக்கு சிரிப்பு வரும்.

பாட்டு நம்பர் ஒன் ஆச்சு, கூடவே அந்த வருஷம் ஆளுக்காளு போட்டுக் கலாய்ச்ச பாட்டும் அதுதான். 'ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்' ஆல்பம் 2011 நவம்பர்ல வந்து பிரிட்டன்ல 4ஆம் இடம் வரைக்கும் போச்சு. கல்லால அடிச்சா எலும்பு உடையும், சொல்லால அடிச்சா ஒண்ணும் ஆகாதுங்கிற இங்கிலீஷ் குழந்தைப் பாட்டுத்தான் அந்தப் பேரு, ஏன் வெச்சாங்கன்னு சொல்லவே வேண்டாம். ஆல்பத்த முழுசாக் கேட்டா வெளிய இருந்த பேச்சுக்கும் உள்ள இருக்குற சரக்குக்கும் ரொம்ப தூரம். 'டப் ஆன் த ட்ராக்'ல கெட்ஸ், டாட் ராட்டன், மிக் ரைச்சஸ்னு லண்டன் பக்க ராப் ஆளுங்க வந்து நிக்கிறாங்க, 'க்ரோ அப்'ல பஸ்டா ரைம்ஸ், 'வித் யுர் லவ்'ல அன்னைக்குத் தொண்டை கட்டின பாட்டோட சொந்தக்காரர் மைக் போஸ்னரே வந்து பாடுறாரு. அந்தப் பாட்டு பிரிட்டன்ல 4ஆம் இடம்.

'வாண்ட் யு பேக்' கதைதான் உச்சம். பாட்டுக்கு நடுநடுவுல எரிச்சலா 'அஹ்'னு ஒரு உறுமல் விடுவாங்க, மொத்தப் பாட்டோட ஸ்வாகரும் அந்த உறுமல்ல இருக்கு. பிரிட்டன்ல அது 25லயே நின்னுடுச்சு, அமெரிக்காவுல பில்போர்ட் ஹாட் 100ங்கிற பாட்டு சார்ட்ல 12 வரைக்கும் ஏறுச்சு, ஆல்பமும் 2012ல அங்க 9ஆம் இடத்துல எறங்குச்சு. அதே 2012ல சொந்த நாட்டுல வீ ஃபெஸ்டிவல்ங்கிற இசைத் திருவிழா மேடையில அவங்க மேல பாட்டில் எறிஞ்சாங்க. ஒரே பொண்ணு, ஒரே பாட்டு, ஒரே உறுமல். ஒரு கரையில அதுக்குப் பேரு திமிர், இன்னொரு கரையில கெத்து.

அதனாலதான் தமிழ்ல இதுக்கு ஒரே சொல் தேடுறது வீண்வேலைன்னு நான் சொல்றது. நம்ம மொழி பாக்குறவன் கண்ண வெச்சு இத ஏற்கனவே பங்கு போட்டு வெச்சிருக்கு. பிடிக்காதவன் பாத்தா திமிர், தெனாவட்டு, கொழுப்பு. உள்ள ஒண்ணும் இல்லாம வெளிய காட்டுனா பந்தா, அலட்டல், சீன் போடுறது. பிடிச்சவன் பாத்தா கெத்து, மிடுக்கு, தோரணை. சிலர் பெருமிதம்னு மொழிபெயர்க்கிறாங்க, எனக்கு அது ஒத்துவரல. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாட்டுல (உடம்புல வெளிப்படுற உணர்ச்சிகள்ல) ஒண்ணா பெருமிதத்த வெச்சு, அது கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை நாலுல இருந்துதான் வரும்னு கணக்காச் சொல்லுது. ஸ்வாகருக்கு அப்படி சர்ட்டிஃபிகேட் எல்லாம் தேவையில்ல. படிச்சிருக்கணும், குடுத்திருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, காரணம் இல்லாமலே வரலாம், அதான் அதோட அழகும் ஆபத்தும்.

நடைய மட்டும் சொல்லணும்னா வள்ளுவர் சொல்லுக்கு மேல கிடையாது. 59ஆம் குறள், 'இகழ்வார்முன் ஏறுபோல் பீடு நடை'. நம்மள எளக்காரம் பண்றவன் முன்னாடி சிங்க ஏறு மாதிரி நடக்குறது. (அந்தக் குறள் அந்த நடைய மனைவியோட புகழ்ல கொண்டு போய்க் கட்டி வெச்சிருக்கு, அது வேற சண்டை, இப்ப வேண்டாம்.) இகழ்வார் முன்னாடிங்கிறத கவனிங்க, தனியா ரூம்ல நடக்குறதுக்கு ஸ்வாகர்னு பேரு இல்ல, எதிர்ல ஒருத்தன் எகத்தாளமா பாத்துட்டு நிக்கணும்.

எழுதுறவங்களுக்கு என் சிபாரிசு இதுதான்: கட்டுரைன்னா மிடுக்கு, நடைன்னா பீடுநடை, பேச்சுன்னா கெத்து. கெத்து தமிழான்னு யாராச்சும் கெளப்புவாங்க, 2016ல அதே பேர்ல வந்த படத்துக்கு வரிவிலக்கு விஷயமா அது கோர்ட் வரைக்கும் போன பஞ்சாயத்து. நம்ம தெருவுல தினமும் நடமாடுற சொல்லு, என்னயக் கேட்டா அது போதும். சண்டியர்த்தனத்த பழைய அர்த்தத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க, 2007க்கு அப்புறம் வந்த பாட்டுக்கு அதப் போட்டா அர்த்தமே கவுந்துடும்.

ஸ்வாகர் ஜாக்கருக்கு கெத்துத் திருடன்னு சொல்லலாம், புரியும். ஆனா மூதுரையில இதவிடக் கிண்டலா ஒண்ணு இருக்கு, கான மயில் ஆடுறதப் பாத்துட்டுத் தானும் மயிலுன்னு நெனச்சு தன் பொல்லாச் சிறக விரிச்சு ஆடுன வான்கோழி. இதுலயும் பாருங்க, ஆட்டம்தான். செர் லாயிட் பாட்டுக்குத் தமிழ்ல தலைப்பு வெக்கச் சொன்னா நான் 'போடா வான்கோழி'ன்னு வெச்சிருப்பேன்.

அவங்க 2013ல டி.ஐ.யோட சேந்து 'ஐ விஷ்' பாடினாங்க, 'ஸ்வாகா லைக் அஸ்' போட்ட நாலு பேர்ல ஒருத்தரான அதே டி.ஐ. தான். 2014ல ரெண்டாவது ஆல்பம் 'சாரி ஐம் லேட்' வந்துச்சு, அதுல ராப் கொறஞ்சு பாட்டு கூடிப்போச்சு, குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த உறுமல் இல்ல. அப்புறம் இடைவெளி விட்டு விட்டு தனிப் பாட்டா வருது, 2018ல வந்த 'நன் ஆஃப் மை பிசினஸ்' கேக்கலாம். 2019ல ஒரு பாட்டுக்கு 'எம்.ஐ.ஏ.'ன்னு பேரு வெச்சாங்க, நம்ம மாதங்கியப் பத்தியோன்னு ஆசையா ஓடாதீங்க, ஆளக் காணோம்ங்கிற அர்த்தத்துல வர்ற சுருக்கம் அது.