உரிமம் வேண்டாத அலைவரிசை, ஒப்புதல் வேண்டிய கருவி

டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்காக, மண்ணின் ஈரத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் சிறு கருவியொன்றைச் செய்த பெரியவர் ஒருவர், முதல் நூறு கருவிகளும் பெட்டிகளில் அடுக்கப்பட்ட பிறகே என்னிடம் வந்தார். "லைசென்ஸ் வேண்டாத அலைவரிசை என்றுதானே தம்பி எல்லோரும் சொன்னார்கள்?" என்று கேட்டார். குறைந்த மின்திறன் ரேடியோக் கருவிகளுக்குச் சான்று பெற்றுத் தரும் தொழிலில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

அவர் கேள்விப்பட்டது பொய்யன்று, ஆனால் பாதிதான். தென்னாப்பிரிக்காவின் 2015ஆம் ஆண்டு அலைக்கற்றை விதிகள், குறிப்பிட்ட திறனுக்குள் இயங்கும் குறுந்தூரக் கருவிகளுக்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை என்கின்றன. எனினும் 2005ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் இக்காசா ஆணையத்தின் வகை ஒப்புதல் (அந்த வகைக் கருவி விதிகளுக்கு உட்பட்டது என்ற ஏற்பு) பெறாத தொடர்புக் கருவியை விற்பதும் வாடகைக்கு விடுவதும் மட்டுமல்ல, பயன்படுத்துவதும் தவறு. உரிமம் அலைவரிசையைப் பற்றியது. ஒப்புதல் கருவியைப் பற்றியது.

"மாட்யூலுக்கு அமெரிக்கச் சான்று இருக்கிறதே" என்று அவர் எடுத்துக் காட்டிய தாளில்தான் பெரிய சிக்கல் இருந்தது. குறைந்த மின்திறனில் நெடுந்தூரம் செய்தி அனுப்பும் லோரா என்னும் முறைக்கான அந்த ஆயத்த ரேடியோச் சில்லுப் பலகை, அதாவது மாட்யூல், அமெரிக்காவுக்கு உரிய 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குச் செய்யப்பட்டது. இங்கோ 880 முதல் 915 வரை கைப்பேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் பகுதி. ஆகவே லோரா கருவிகள் ஐரோப்பாவைப் போல 868 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. மென்பொருளில் எண்ணை மாற்றினால் போதாது; ஆண்டெனாவும் அதை ஒட்டிய பொருத்துச் சுற்றும் 915க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றவை. அவர் ஐரோப்பிய வகை மாட்யூலை வாங்கி மாற்றினார். ஆனால் 2 டெசிபெல் ஆண்டெனாவுடன் சோதிக்கப்பட்ட அந்த மாட்யூலில், தூரம் கூடட்டும் என்று 5 டெசிபெல் ஆண்டெனாவைப் பூட்டிவிட்டார். மூன்று டெசிபெல் என்றால் அந்தத் திசையில் கதிர்வீச்சு இரு மடங்கு. அந்த நொடியே மாட்யூலின் சோதனை அறிக்கை அவருடைய கருவிக்குப் பேசாத சாட்சியாகிவிட்டது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 868.0 முதல் 868.6 வரையிலான பட்டையில் 25 மில்லிவாட் வரம்போடு நேர வரம்பும் இருக்கிறது: ஒரு கருவி ஒரு மணி நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 36 நொடிகள் மட்டுமே ஒலிபரப்பலாம். 20 பைட் செய்தியொன்று, லோராவின் ஸ்பிரெடிங் ஃபாக்டர் (கூடக்கூடத் தூரம் கூடும், வேகம் குறையும் அமைப்பு எண்) 7இல் ஏறத்தாழ 72 மில்லிநொடிகளில் முடிந்துவிடும்; அதே செய்தி 12இல் 1.8 நொடிகள் எடுக்கும். முன்னதில் மணிக்கு ஐந்நூறு செய்திகள் அனுப்பலாம், பின்னதில் இருபதுதான். பெரியவரின் கருவி, தோட்டத்தின் கடைக்கோடியிலிருந்தும் எட்ட வேண்டும் என்று 12இல் நிறுத்தப்பட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டிருந்தது. அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு. நேர வரம்பைத் தாண்டாமலிருக்க மென்பொருளில் இருந்த தடையைச் சோதனைக்காக எடுத்தவர் திரும்பப் போட மறந்திருந்தார். கரும்பின் காய்ந்த சோகையைக் கொளுத்தும் நாளில்கூட மண்ணின் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. இருபது நிமிடத்துக்கு ஒரு செய்தி போதும் என்று முடிவானபோது பேட்டரியின் ஆயுளும் நீண்டது.

ஆய்வகத்தில் முதல் நாள் வீணானது. ஒரே அலைவரிசையில் இடைவிடாமல் ஒலிபரப்பும் சோதனை மென்பொருளை அவர் கொண்டுவரவில்லை. அவ்வப்போது துளியாய் அனுப்பும் கருவியை வைத்துக்கொண்டு அளவிடுவோர் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் முறை சென்றபோது, 868இன் இரட்டிப்பான 1736 மெகாஹெர்ட்ஸில் எழுந்த வேண்டாத கதிர்வீச்சுக் கசிவு வரம்பைத் தாண்டியது. 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அனுமதிக்கப்படும் கசிவு ஒரு மைக்ரோவாட் மட்டுமே. ஈரம் புகாமலிருக்கச் சுற்றுப்பலகையின் மேல் ஊற்றிய எபாக்ஸி, ஆண்டெனாவின் இசைவைக் குலைத்திருந்தது. ஆண்டெனாவைச் சுற்றி எபாக்ஸி படாமல் விட்டு, வடிகட்டிச் சுற்றின் இரண்டு மின்தேக்கிகளை மாற்றிய பிறகே அது அடங்கியது. எபாக்ஸி ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான்.

கருவியில் புளூடூத்தும் இருந்ததால், முன்னரே தகுதி பெற்ற மாட்யூலைப் பயன்படுத்தினாலும் இறுதிப் பொருளைப் புளூடூத் அமைப்பிடம் தனியே பதிவு செய்ய நேர்ந்தது. அது அரசாங்க ஒப்புதலோடு தொடர்பில்லாத, பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதற்கான நடைமுறை.

ஒப்புதல் எண் வந்த அன்று, அதை முத்திரையாக ஒட்டுவதற்குக் கருவியின் உறையில் இடமே இல்லை என்பதைக் கண்டோம். நான்கு பக்கமும் குளிர்விக்கும் வரிகள். அச்சு வார்ப்பில் ஒரு பக்கத்தை மழமழப்பாக்கி, நூறு உறைகளையும் அவர் மறுபடி வார்த்தார்.