மொன்சூன்: மழையின் பெயரா, காற்றின் பெயரா?

ஜனவரி கடைசியில் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். பால்மரத்து இலைகள் பழுத்துச் சிவந்து உதிரத் தொடங்கும் நேரம் அது. பால் வடியும் கிண்ணமான மங்கில் விழும் பாலும் குறைந்துவிடும். அதே நாட்களில் வானொலியும் தொலைக்காட்சியும் “மொன்சூன் காலம் இன்னும் முடியவில்லை” என்று எச்சரித்துக்கொண்டிருக்கும். “மொன்சூன்னா மழைதானே, நமக்கு மட்டும் ஏன் இப்படிக் காயுது?” என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் அது நியாயமான கேள்வி. சொல்லின் பொருளை நாம் பாதி மட்டுமே எடுத்துக்கொண்டதால் எழும் கேள்வியும்கூட.

மொன்சூன் என்பதன் வேர் அரபு மொழியில் இருக்கிறது. ‘மவ்சிம்’ என்றால் குறித்த காலம், பருவம். ‘அடையாளமிடு’ என்னும் பொருள் தரும் வினைவேரிலிருந்து பிறந்த சொல் அது. அரபிக்கடலில் மரக்கலம் ஓட்டியவர்களுக்குப் பருவம் என்பது காற்று திசை மாறும் காலம்; எப்போது பாய் விரிப்பது, எப்போது துறையில் காத்திருப்பது என்பதை அதுதான் தீர்மானித்தது. அவர்களிடமிருந்து போர்த்துகீசியர் அதை ‘மொன்சாவ்’ என்று வாங்கினார்கள். அங்கிருந்து டச்சு, ஆங்கிலம் எனப் போய், ‘மொன்சூன்’ ஆகி நம்மிடம் வந்தது. இன்னொரு வழியில் அதே அரபுச் சொல் நேராக மலாய் மொழிக்குள் நுழைந்து ‘மூசிம்’ ஆயிற்று. பழச்சந்தையில் நாம் சொல்லும் ‘டுரியான் மூசிம்’, இந்தியில் வானிலையைக் குறிக்கும் ‘மௌசம்’, செய்தியில் வரும் ‘மொன்சூன்’ ஆகிய மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இவற்றில் எதிலும் மழை என்ற பொருள் முதலில் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. பீடோங்கிலிருந்து பார்த்தால் தெரியும் குனோங் ஜெராய் மலை, 1,217 மீட்டர் உயரம், சமவெளியில் தனித்து நிற்பது. கடலில் வருகிறவர்களுக்கு அதுவே கரையைக் காட்டும் குறி. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் முன்னோர் கடாரம் என்றழைத்த துறைமுகப் பகுதி. தமிழகக் கரையிலிருந்து கிழக்கே வருகிறவர்களுக்குத் தென்மேற்குக் காற்று வேண்டும், திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா சென்ற சீனத் துறவி இ-சிங் கடாரத்தில் தங்கித்தான் கப்பலேறினார். கரிகாலனின் முன்னோன் ஒருவனை ‘வளி தொழில் ஆண்ட உரவோன்’ என்று பாடினார் வெண்ணிக்குயத்தியார். வளி என்றால் காற்று. காற்றுக்கு ஒரு தொழில் உண்டு, அது காலம் தவறாது என்று அறிந்த கடலோடிச் சமூகம் நம்முடையது. அந்த அறிவு இருந்த மண்ணிலேயே மொன்சூனை மழை என்று சுருக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காற்று ஏன் இப்படித் திசை மாறுகிறது? நிலம் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறும். கடல் இரண்டையும் மெதுவாகச் செய்யும். டிசம்பரில் சைபீரியாவும் சீனாவின் வடபகுதியும் கடுங்குளிரில் உறைந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அழுத்தம் மிகுந்தது. அப்போது ஆஸ்திரேலியாவில் கோடை, அங்கே அழுத்தம் குறைவு. ஆகவே காற்று வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் பாயும் காற்று தன் வலப்பக்கமாக வளையும். அதனால் அது வடகிழக்குக் காற்றாக நம்மை அடைகிறது. ஜூனில் எல்லாம் தலைகீழ்: ஆசிய நிலப்பரப்பு கொதிக்கிறது, காற்று தெற்கிலிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து வந்து, வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. நிலமும் கடலும் வெவ்வேறாகச் சூடேறுவதே காரணம் என்று 1686இல் ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி எழுதினார். பூமியின் சுழற்சியையும் 1735இல் ஜார்ஜ் ஹாட்லி கணக்கில் சேர்த்தார்.

இனி பிள்ளைகளின் கேள்விக்கு வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலைத் தாண்டும்போது நீராவியை அள்ளிக்கொள்கிறது. கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் மோதி, மேட்டில் ஏறிக் குளிர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. 2014 டிசம்பரில் கிழக்குக் கரையை மூழ்கடித்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு வெளியேற்றிய பெருவெள்ளம் இந்தக் காலத்தில் வந்ததுதான். தித்திவங்சா மலைத்தொடரும் அதன் அருகிலுள்ள மலைகளும் தாண்டி கெடாவுக்கு வரும்போது அதே காற்றில் ஈரம் குறைந்திருக்கும். அதனால்தான் இங்கே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. அதே வடகிழக்குக் காற்று வங்கக் கடலைத் தாண்டி நாகப்பட்டினத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தருகிறது. காற்று ஒன்று, ஒரு கரையில் அடைமழை, இன்னொரு கரையில் சருகு.

ஆகவே மொன்சூனுக்குச் சரியான தமிழ் ‘பருவக்காற்று’. ‘பருவமழை’ அந்தக் காற்று கொண்டுவரும் மழையை மட்டும் குறிக்கட்டும். தமிழ்நாட்டுச் செய்திகளில் பருவமழை என்றே பழகிவிட்டார்கள். அங்கே காற்றும் மழையும் சேர்ந்தே வருவதால் பெரிய குழப்பம் இல்லை. இங்கே அப்படியே எடுத்தாண்டால், மழையே இல்லாத கெடாவில் ‘பருவமழை தொடர்கிறது’ என்று வாசிக்க நேரும். இலங்கைத் தமிழர் ‘பருவப்பெயர்ச்சி’ என்கிறார்கள். திசை பெயர்வதைச் சொல்லிலேயே வைத்திருக்கும் அழகான ஆக்கம் அது, என்றாலும் அன்றாடப் பேச்சுக்குப் பருவக்காற்றே எளிது.

‘வாடை’ என்று சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாடை வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று, தென்றல் தெற்கு, கொண்டல் கிழக்கு, கோடை மேற்கு. இவை திசைப் பெயர்கள். கார், கூதிர் முதலான ஆறும் காலப் பெயர்கள். திசையும் காலமும் சேர்ந்த ஒன்றுக்கு இவற்றில் எதுவும் தனியாகப் போதாது. ஆனால் ஜனவரி விடியலில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது முகத்தில் படுகிற அந்தச் சில்லென்ற காற்றை வாடை என்று சொல்லத் தடையே இல்லை.

மே கடைசி முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா நமக்கு மறைப்பாக நிற்கிறது. பொதுவாக மழை குறைவு, அங்கே காடும், மக்கிய செடிகொடிகள் படிந்த கரிநிலமும் எரிந்தால் புகைமூட்டம். ஆனால் இந்தக் காலத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு: இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமழை முகில்கள் வரிசையாகக் கிழக்கே நகர்ந்து விடியுமுன் கரையேறும். மலாயில் இதை ‘ஆங்கின் சுமத்ரா’ என்பார்கள். ‘சுமத்ராச் சூறை’ என்று தமிழில் சொல்லலாம். தெற்கே சிலாங்கூர், ஜொகூர் பக்கம் இதன் வேகம் அதிகம். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்று வேலை இல்லை.

பீடோங்குக்கு நல்ல மழை தருவது இந்த இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபரை ஒட்டிய நாட்களும்தான். மலாயில் ‘பெராலிஹான் மொன்சூன்’. தமிழில் ‘இடைப்பருவம்’ என்றால் போதும். பெருங்காற்று தளர்ந்திருப்பதால் உள்ளூர் வெயிலே வானத்தை ஆள்கிறது. தரையோடு ஒட்டிய ஈரக்காற்று சூடேறி மேலெழும். மேலே அழுத்தம் குறைவதால் விரிந்து குளிரும். நீராவி துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பம் அதை இன்னும் மேலே தள்ளும். பிற்பகலுக்குள் முகில் 10 கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்துவிடும். உச்சியில் பனித்துகள்கள் மோதி மின்னேற்றம் பிரிய, இடியும் மின்னலும் பிறக்கும். இதற்குப் பாடநூல் தரும் ‘வெப்பச்சலன மழை’ என்ற பெயர் சரியானதே.

மழைக்குச் சற்று முன் செம்பனை ஓலைகளை உலுக்கிக்கொண்டு ஒரு குளிர்காற்று வருமே, அது முகிலுக்குள்ளிருந்து துளிகளோடு இறங்கித் தரையில் பரவும் காற்று. அது வீசிவிட்டால் இடி தலைக்கு அருகில் வந்துவிட்டது என்று பொருள். திடலில் பந்தாடும் பிள்ளைகளை மரத்தடிக்கு விடாமல் கட்டடத்துக்குள் அழைத்துக்கொள்ள வேண்டிய நேரம்.