‘பாசிவ் சாம்ப்ளிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வேதிப்பொருள்களைக் கையாளும் தொழிற்கூடங்களில், ஒரு பணியாளர் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு கரைப்பான் ஆவி கலந்திருக்கிறது என்பதை அறிய, அவருடைய சட்டைக் காலரில் ஒரு சிறிய வட்டப் பேட்ஜைக் குத்திவிடுவது உண்டு. அதில் பம்பு இல்லை, பேட்டரி இல்லை. வெள்ளைச் சவ்வுக்குப் பின்னால் சிறு இடைவெளி விட்டு ஒரு கரிப்படலம் இருக்கிறது, அவ்வளவுதான். இம்முறையின் பெயர் ‘பாசிவ் சாம்ப்ளிங்’. இதனைச் சொல்லுக்குச் சொல் ‘செயலற்ற மாதிரி எடுத்தல்’ என்று பெயர்ப்பது பிழை என்பதே என் கருத்து.

‘பாசிவ்’ என்பதன் மூலச்சொல் ‘துன்புறுதல், ஏற்றல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை; நோயாளியைக் குறிக்கும் ‘பேஷண்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். தமிழில் இதற்கு நேர் நிற்பது ‘படு’ என்னும் வினை. துன்பப்படுகிறோம், அடிபடுகிறோம், பாடுபடுகிறோம். ‘பாசிவ் வாய்ஸ்’ என்பதை நம் இலக்கண நூல்கள் ‘செயப்பாட்டுவினை’ என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்! ‘செயலற்ற’ என்ற சொல்லிலோ இந்த ஏற்கும் பொருள் இல்லை. ‘செயலற்ற பேட்ஜ்’ என்று சொல்லிக் கொடுத்தால், அது பழுதாகிவிட்டது என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

உண்மையில் அங்கே ஓயாமல் ஓர் இயக்கம் நடக்கிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமே நகரும் வேகத்தை ஜெர்மானிய அறிவியலாளர் அடால்ஃப் ஃபிக் 1855-இல் விதியாக வகுத்தார். அந்த விதியைக் கொண்டே பணியாளரின் சூழலை அளக்கலாம் என்று அமெரிக்காவில் பாம்ஸ், கன்னிசன் என்னும் ஆய்வாளர்கள் 1973-இல் காட்டினர். சவ்வைக் கடந்து வரும் ஆவியைக் கரி தன் பரப்பில் பிடித்துவைத்துக்கொள்வதால், உள்ளே செறிவு ஏறக்குறைய சுழியாகவே இருக்க, வெளியிலிருந்து வருகை தொடர்கிறது. பென்சீனை நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டர் வீதத்தில் ஏற்கும் பேட்ஜ் ஒன்று, எட்டு மணி நேரத்தில் 16.8 லிட்டர் காற்றிலுள்ள பென்சீனைச் சேர்த்துவிடும். பின்னர் ஆய்வகத்தில் கார்பன் டைசல்பைடு கொண்டு கரியிலிருந்து அதைப் பிரித்து, வாயு நிறச்சாரல் பகுப்பாய்வில் (கேஸ் குரோமட்டோகிராஃபி) அளக்கிறார்கள்.

பள்ளிப் பாடநூல்கள் இந்த நகர்வை ‘விரவல்’ என்கின்றன. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயரை ‘விரவுப்பெயர்’ என்ற இலக்கண மரபிலிருந்தே இச்சொல் நமக்குப் பழக்கம். ஐரோப்பியத் தரநிலையாக இருந்த ஈஎன் 838-உம் இக்கருவிகளை ‘டிஃப்யூசிவ்’, அதாவது விரவல்வழிப்பட்டவை, என்றே குறிப்பிட்டது. ஆகவே ‘விரவல்வழி மாதிரி சேகரிப்பு’ என்பதே தகும். ‘எடுப்பு’ என்னாமல் ‘சேகரிப்பு’ என்பதற்கும் காரணம் உண்டு: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரு கணத்தில் எடுத்துப் பார்க்கும் சோதனை, இதுவோ முழு வேலைநேரத்தின் சராசரியைத் தரும் சேமிப்பு. பேட்ஜுக்கு ‘வில்லை’ என்ற பெயரும் இருக்கிறது. வில்லைச் சேவகன் மார்பில் அணிந்ததும் அதுதானே.

இப்பெயர் கருவியின் எல்லையையும் சேர்த்தே உணர்த்துகிறது. சிலிக்காத் தூசும் ஈயத் துகளும் ஆவியைப் போல விரவிச் சென்று கரியில் ஒட்டுவதில்லை. அவற்றை அளக்க, பம்பு கொண்டு வடிதாள் வழியே காற்றை இழுத்தே ஆக வேண்டும்.