சுரைக்காய் கைத்தால் சட்டியை இறக்குங்கள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வீட்டுத்தோட்டம் பார்க்கப் போன இடத்தில் ஓர் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அடுப்பில் சுரைக்காய்ப் பால்கறி. "பிள்ளை, கொஞ்சம் கைக்குது. இன்னும் ரெண்டு கரண்டி பால் விட்டா சரிவருமா?"

விவசாயப் போதனாசிரியர் வேலையில் இப்படிச் சட்டிக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டிவரும். அகப்பை நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். உடனே துப்பிவிட்டேன். "கொட்டுங்கோ அம்மா" என்றேன்.

அவருக்கு மனமில்லை. பாகற்காயும் கைக்கிறதுதானே என்றார். பாகற்காய்க்குக் கைப்பு இயல்பு; அதிலுள்ள கைப்புப் பொருட்களும் வேறு. சுரை, பீர்க்கு, பூசணி, வெள்ளரி போல நீண்ட பூசணி வகையான சுக்கினி கடுமையாகக் கைத்தால் குக்கர்பிட்டசின் என்ற நச்சு கூடிவிட்டது என்று அர்த்தம். அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் வரும். கடுமையானால் இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல். மாற்று மருந்து கிடையாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. 2015இல் ஜெர்மனியில் வீட்டில் விளைந்த சுக்கினியைச் சாப்பிட்டு 79 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். கைக்கிறதே என்று கொஞ்சத்தோடு நிறுத்திய மனைவி பிழைத்தார்.

விதை எங்கே வாங்கினது என்று கேட்டேன். வாங்கவில்லையாம், குப்பைக் குழியடியில் தானாக முளைத்த கொடியாம். சிக்கல் அங்கேதான். கைக்கும் வகைகளுக்குப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று நம்மவர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. சுரைப்பூ அந்தியில் விரியும். அந்துப்பூச்சி எங்கோ நிற்கும் பேய்ச்சுரையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தக் காய் கைக்காது. அதன் விதையில் முளைக்கும் கொடிதான் கைப்பைக் காட்டும். வறண்ட கச்சான் காற்றில் தண்ணீர் காணாமல் வாடிய கொடியிலும் கைப்பு ஏறலாம்.

கைப்பை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்புங்கள். பிஞ்சா முற்றலா, எந்த இனம் என்பதெல்லாம் சந்தையிலேயே தெரிந்துவிடும். சுரைக்காயில் நகம் இலகுவாக இறங்க வேண்டும். நீற்றுப்பூசணி முற்றியதென்றால் மேலே வெள்ளை நீறு பூத்திருக்கும். பூசணியில் காம்பைப் பாருங்கள்: ஐந்து முனையோடு கடினமாக, காயைத் தொடுமிடத்தில் விரிந்திருந்தால் அது பட்டர்நட் என்ற விலை கூடிய பூசணியின் இனம்தான். பட்டர்நட் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், சதை நன்றாகச் சிவந்த நாட்டுப் பூசணியே போதும். காம்பு தக்கை போல உருண்டு தடித்திருந்தால் வேறு இனம்.

அம்மா கறியைக் குழியில் கொட்டிவிட்டுக் கொடியையும் பிடுங்கினார். ஆட்டுக்குப் போடலாமா என்றார், வேண்டாம் என்றேன். அப்புறம்தான் நினைவு வந்தது போல, "ஐயோ!" என்று வேலிப்பக்கம் ஓடினார்.

"அடியே மகள், காலையில தந்த சுரைக்காய வெட்டிப்போட்டியா?"