மூன்று சிக்மா செய்தியைப் படிக்கும் முன்

துகள் மோதி ஆய்வுகளிலிருந்து 'புதிய துகளின் தடயம்' என்று செய்தி வந்தால், தலைப்பை விட்டுவிட்டு உள்ளே ஓர் எண்ணைத் தேடுங்கள்: எத்தனை சிக்மா? தற்செயலாக வரக்கூடிய இயல்பான ஏற்ற இறக்கத்தின் அளவுதான் ஒரு சிக்மா. 3 சிக்மா என்றால் 'ஏறக்குறைய உறுதி' என்று பல செய்திகள் எழுதுகின்றன. அது தவறு. புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும், இவ்வளவு மிகையான எண்ணிக்கை தற்செயலாக வர 740-இல் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். துகள் இருப்பதற்கான வாய்ப்பை அந்த எண் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே தெரிந்த வினைகளே குறிப்பிட்ட நிறைப்பகுதியில் 100 நிகழ்வுகளைத் தரும் என்று வையுங்கள், இதுதான் பின்புலம். அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 100-இன் வர்க்கமூலம், அதாவது 10. அங்கே 130 நிகழ்வுகள் தெரிந்தால் அது 3 சிக்மா. தரவு நான்கு மடங்கானால் பின்புலம் 400, ஏற்ற இறக்கம் 20. துகள் உண்மையென்றால் மிகை 120 ஆகி, 6 சிக்மாவைத் தொடும். தற்செயல் என்றால் பழைய 30 மட்டுமே மிஞ்சி 1.5 சிக்மாவுக்கு இறங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், எத்தனை இடங்களில் தேடினார்கள் என்பது. ஒன்றையொன்று சாராத 100 நிறைப்பகுதிகளை அலசினால், அவற்றில் எங்காவது ஒரு 3 சிக்மா மேடு தானாகவே முளைக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஆய்வறிக்கைகள் அந்த இடத்துக்கு மட்டுமான மதிப்பையும் முழுத் தேடலுக்கான மதிப்பையும் தனித்தனியே தருகின்றன. செய்திகளில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே வரும், பெரிதாகத் தெரிவது அதுதானே!

2015 டிசம்பரில் நடந்தது இதுதான். ஐரோப்பிய ஆய்வகமான செர்னின் எல்எச்சி புரோட்டான் மோதியில் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு கண்டறி கருவிகளும் 750 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் அலகு) அருகே இரு ஃபோட்டான் (ஒளித்துகள்) நிகழ்வுகளில் மிகையைக் கண்டன. அட்லஸின் மதிப்பு அந்த இடத்தில் 3 சிக்மாவைத் தாண்டியது. முழுத் தேடலுக்கு அது ஏறத்தாழ 2 சிக்மாதான். விளக்கம் சொல்லிக் கோட்பாட்டுக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. கூடுதல் தரவு வந்ததும், 2016 ஆகஸ்டில் மேடு காணாமல் போனது. 2012-இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போசானின் கதை வேறு. இரு ஃபோட்டான்களாகச் சிதையும் வழியிலும், நான்கு லெப்டான்களாக (எலெக்ட்ரான், அதன் கனமான உறவான மியூவான் போன்றவை) சிதையும் வழியிலும், இரு கருவிகளிலும், ஒரே 125 ஜிஇவி அருகே அது தெரிந்தது.

தரவு கூடினால் தற்செயல் கரையும், ஆனால் கருவியிலோ கணக்கிலோ உள்ள அளவீட்டுப் பிழை கரையாது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான, 35 லட்சத்தில் ஒன்று எனப்படும் 5 சிக்மா வரம்பும் இதற்குக் காப்பு அல்ல. எல்எச்சியின் இன்னொரு ஆய்வுக் குழுவான எல்எச்சிபி, பி மேசான் என்ற குறுகிய ஆயுள் துகளின் சிதைவில், கோட்பாட்டின்படி சமமாக வர வேண்டிய மியூவான் இணைகளும் எலெக்ட்ரான் இணைகளும் அப்படி வராததை 2021-இல் 3.1 சிக்மாவில் அறிவித்தது. வேறு துகள்கள் சில எலெக்ட்ரான்களாகத் தவறாக அடையாளம் காணப்பட்டதை முழுமையாகக் கணக்கில் எடுத்தபின், 2022 டிசம்பரில் விகிதம் எதிர்பார்த்த இடத்துக்கே திரும்பியது.

'புதிதாக ஒன்றும் இல்லை' என்ற செய்தியையும் அப்படியே விழுங்க வேண்டாம். எல்எச்சியில் புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. சேமிக்கப்படுபவை சில ஆயிரம் அளவில்தான். எதைச் சேமிப்பது என்பதை டிரிகர் எனப்படும் வடிகட்டும் அமைப்பு முடிவு செய்கிறது, முதற்கட்ட முடிவுக்குச் சில மைக்ரோ விநாடிகளே கிடைக்கும். அங்கே கழிந்தது மீண்டு வராது. ஆகவே ஒரு 'இல்லை', தேடிய வகையான நிகழ்வுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இன்றும் முடியாத வழக்கு, வலுவற்ற அணுவிசையைக் கடத்தும் துகளான டபிள்யூ போசானின் நிறை. 2022-இல் அமெரிக்காவின் டெவட்ரான் மோதியில் இயங்கிய சிடிஎஃப் குழு 80,433.5 எம்இவி (ஜிஇவியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றது, பிழை வரம்பு 9.4. கோட்பாட்டின் கணிப்பு ஏறத்தாழ 80,357, அந்தக் கணிப்பின் பிழையையும் சேர்த்தால் வேறுபாடு ஏறத்தாழ 7 சிக்மா. 2024-இல் சிஎம்எஸ் கிட்டத்தட்ட அதே துல்லியத்தில் 80,360.2 என்றது. டெவட்ரான் 2011-இலேயே நிறுத்தப்பட்டதால், அங்கே புதிய தரவுக்கு வழியில்லை. இருக்கும் தரவில் மியூவானின் உந்தத்தை அளக்கும் முறையின் திருத்தம் முதல் கருவியில் சிக்காமல் தப்பும் நியூட்ரினோ துகளின் கணக்கு வரை ஒவ்வொன்றாகக் கிளறித்தான் பார்க்க வேண்டும்.