இன்ஃப்ராஸ்ட்ரக்சர்: தமிழ்ல எப்படிச் சொல்றது?

நாகர்கோவில்ல யார்ட்டயாவது இன்ஃப்ராஸ்ட்ரக்சர்னா என்னன்னு கேட்டுப்பாருங்க, மார்த்தாண்டம் மேம்பாலம், நாலுவழிச்சாலைன்னு கண்ணுக்குத் தெரியறதத்தான் சொல்லுவாங்க. ஆனா வார்த்தையோட மூலம் வேற. லத்தீன்ல இன்ஃப்ரான்னா கீழே, ஸ்ட்ரக்சுரான்னா கட்டுமானம். 19ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுக்காரங்க தண்டவாளத்துக்கு அடியில வர்ற மண்வேலை, பாலம், சுரங்கம் எல்லாத்துக்கும் சேத்து வச்ச பேரு, அங்கருந்து இங்கிலீஷுக்கு வந்து, 1950கள்ல நேட்டோ ராணுவத் தளங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பரவி, இப்ப ஊருக்கான தண்ணி, சாக்கடை, ரோடு, கரண்ட் எல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

தமிழ்ல கவர்மெண்ட் உட்கட்டமைப்புன்னு எழுதுது, பேப்பர்ல உள்கட்டமைப்பு. எனக்கு இது ஒட்டவே இல்ல. உள்ளேங்கிறதுக்கு லத்தீன்ல இன்ட்ரா, இது இன்ஃப்ரா. அடிக்கட்டுமானம்னு சொன்னா பொருள் நேரா வந்துரும், பாதாளச் சாக்கடைன்னு சொல்லும்போது அந்தக் கீழேங்கிறது எவ்வளவு தெளிவா வருது பாருங்க. அதவிட, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வர்ற ஜனங்க எழுதுறது "அடிப்படை வசதி செய்து தர வேண்டி"ன்னுதான். அடி அதுலயே இருக்கு. கட்டி வைக்கிற பொருளுக்கு அடிக்கட்டுமானம், அதனால ஜனங்களுக்குக் கிடைக்கிறதுக்கு அடிப்படை வசதி, இப்படிப் பிரிச்சுக்கிட்டா குழப்பமே வராது.

கீழேங்கிறத மறந்தா என்ன ஆகும்னு தெருவுல பாக்கலாம். புதுசா தார் போடுவாங்க, பொறவு பைப்பு பதிக்கத் தோண்டுவாங்க, மண்ணப் போட்டு மூடினது முதல் மழையிலயே அமுங்கி ரோட்டு நடுவுல நீளமா ஒரு பள்ளம் கெடக்கும், பைக்கு சக்கரம் அதுல இறங்கினா திருப்ப முடியாது.

காசு விஷயமும் இதோட சேந்ததுதான். அடியில போடுறதுக்கு மொத்தமா பெரிய தொகை வேணும், ஆனா தலைமுறை தாண்டி உழைக்கும். நாகர்கோவிலுக்குத் தண்ணி குடுக்கிற முக்கடல் அணை திருவிதாங்கூர் ராஜா காலத்துல கட்டினது, தலைமுறை தாண்டியும் அதத்தானே நம்பி இருந்தோம். அப்படி ஒண்ண ஒரு வருஷத்து வீட்டு வரியில கட்ட முடியாது, கடன் வாங்கி, பயன்படுத்துறவங்க வருஷக்கணக்கா அடைக்கிறதுதான் நியாயம். சென்னைக்குப் பக்கத்துல ஆலந்தூர்ல பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபா ஜனங்களே முன்கூட்டி டெபாசிட் கட்டினாங்க.

குழித்துறை, குளச்சல் மாதிரி சின்ன நகராட்சி தனியா பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிட்டா வாங்க ஆள் வராது. அதுக்குத்தான் தமிழ்நாட்டுல 2002ல 13 சின்ன ஊர்களச் சேத்து, தண்ணி, சாக்கடை வேலைக்காக சுமார் 30 கோடிக்கு ஒரே பத்திரமா வெளியிட்டாங்க, அசல்ல பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனம் உத்தரவாதம் குடுத்துச்சு. ஆங்கிலத்துல பூல்டு ஃபைனான்ஸ்ங்கிற இதுக்கு கூட்டு நிதின்னே சொல்லலாம்.