விவாகரத்து முடிவதற்குள் மறுமணம்: சட்டப்படி செல்லுமா?

"கேஸ் முடியற மாதிரிதான், பத்து வருஷமா பிரிஞ்சுதான் இருக்காங்க, கல்யாணத்தை வெச்சிரலாமே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். பத்து வருடமோ இருபது வருடமோ, கோர்ட் தீர்ப்பு சொல்லாதவரை அவர்கள் கணவன் மனைவிதான்.

இந்து திருமணச் சட்டம், 1955-ன் 5-வது பிரிவுப்படி, மணமக்களில் யாருக்கும் உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. மீறி நடந்த திருமணம் 11-வது பிரிவுப்படி செல்லாது. அதைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கியிருந்தாலும் செல்லாததுதான். பிறகு விவாகரத்து கிடைத்தாலும் ஏற்கெனவே செய்த அந்த இரண்டாவது திருமணத்துக்கு உயிர் வராது. மறுபடி முறைப்படி செய்துகொள்ள வேண்டும். இது குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 82-வது பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை, முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் 10 ஆண்டு வரை.

முத்திரைத்தாளில் "இனி ஒருவர் வாழ்க்கையில் ஒருவர் தலையிட மாட்டோம்" என்று எழுதி, நோட்டரி சீல் வைத்து பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அது விவாகரத்து ஆகாது. சமூக வழக்கப்படியான மணமுறிவை 29-வது பிரிவு ஏற்கிறது என்றாலும், அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். லேசான வேலையில்லை.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது. மறுநாளே கல்யாணம் செய்யலாமா? பலரும் சறுக்குவது இங்கேதான். மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது மேல்முறையீடு தள்ளுபடியாகியிருக்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. இந்தச் சட்டத்தில் அந்தக் காலம் 90 நாள். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. அதை நம்பி அவசரப்படுவதைவிட 90-ஐக் கணக்கில் வைப்பதே நல்லது. தீர்ப்பின் சான்றிட்ட நகலில் நகல் கேட்ட தேதியும் தயாரான தேதியும் இருக்கும். எதிர்த்தரப்பு நகலுக்காகக் காத்திருந்த அந்த நாட்கள் கெடுவில் சேராது என்பதால், 91-வது நாள் முகூர்த்தம் குறிப்பதும் ஆபத்துதான்.

பரஸ்பர சம்மதத்தில் வாங்கிய விவாகரத்துக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சம்மதத்தின் பேரில் குடும்ப நீதிமன்றம் தந்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. எதிர்த்தரப்பு வராமலே கிடைத்த ஒருதலைப்பட்சத் தீர்ப்புதான் பயமுறுத்துவது. சம்மன் முறையாகத் தனக்கு வரவில்லை என்று அவர் காட்டினால், தீர்ப்பு பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

காத்திருக்காமல் செய்துவிட்டால்? தீர்ப்புக்கு முன் செய்ததும் பின் செய்ததும் ஒன்றல்ல. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, அதைத் திரும்பப் பெற மனுக் கொடுத்துவிட்டு ஒருவர் செய்துகொண்ட மறுமணம் செல்லாததாகாது என்று 2018-ல் அனுராக் மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எதிர்த்தரப்பு மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டால் முதல் திருமணம் திரும்பி வந்து நிற்கும்.

செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை 16-வது பிரிவு சட்டபூர்வமான பிள்ளைகளாகவே பார்க்கிறது. பெற்றோர் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஜீவனாம்சமும் அடியோடு போய்விடாது. பிரிவு ஒப்பந்தம் மட்டும் எழுதி, முதல் கணவரிடமிருந்து சட்டப்படி விவாகரத்து வாங்காமலே மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கு, இரண்டாவது கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்த விஷயம் இரண்டாவது கணவருக்கு முன்பே தெரிந்திருந்தது.